தேவிபட்டினம் வீட்டுக்கு விலையை எப்போது இறக்கினோம்

அப்பா கட்டிய வீட்டுக்கு 2024 தை மாதம் 42 லட்சம் விலை சொன்னோம். 2025 வைகாசியில் 35 லட்சத்து 75 ஆயிரத்துக்குக் கிரையம் முடித்தோம். நடுவில் ஓடிய பதினாறு மாதமும் எங்கள் வீட்டில் பேசியது ஒரே பேச்சுதான், இறக்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரம் பூட்டிக் கிடக்கிற வீடுகள் நிறைய, பிள்ளைகள் மதுரையிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள், அவர்கள் வீடுகளிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஐந்தரை சென்ட் இடம், 1987-ல் வாங்கியது. வீடு 1991-ல் கட்டியது, இரண்டு அறை, கூடம், பின்னால் கிணறு, ஒரு முருங்கை. கடற்கரைக்கு ஆறு நிமிட நடை. கிழக்குப் பக்க ஜன்னலைத் திறந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று நேராகக் கூடத்துக்குள் வரும்.

42 என்ற விலை எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு வீடு 45-க்குப் போனதாக அக்காவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதில் மூன்றைக் கழித்தோம், அவ்வளவுதான். அந்த வீட்டு இடம் ஒன்பது சென்ட், ரோட்டு மேல் இரண்டு பக்க வாசல் என்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. விற்றவர் ஒரு விலை சொல்வார், வாங்கியவர் ஒன்று சொல்வார், பத்திரத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். சமீபத்தில் வாங்கியவரிடம் நேரில் போய், சென்ட் கணக்கில் என்ன விழுந்தது, கட்டடத்துக்கு எவ்வளவு போட்டீர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். முப்பது வருஷத்துக்கு மேலான கடலோரக் கட்டடம் என்றால் பெரும்பாலான பார்ட்டிகள் இடத்துக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

முதல் மாதமே ஒரு புரோக்கர் "28-க்கு ரொக்கப் பார்ட்டி ரெடி, நாளைக்கே அட்வான்ஸ்" என்று வந்தார். பயந்துவிடாதீர்கள், பூட்டிய வீடு என்று தெரிந்தால் முதலில் வருகிற விலை இப்படித்தான் இருக்கும். அவரை அனுப்பிவிட்டோம். ஆனால் மாசியில் இன்னொருவரிடம் ஏமாந்தோம். 50,000 அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதத்துக்கு அக்ரிமென்ட் போட்டார், வாங்கும் எண்ணம் அவருக்கு இல்லை, அந்த அக்ரிமென்ட்டை வைத்துக்கொண்டு வேறு ஆளுக்கு 46 சொல்லிச் சுற்றியிருக்கிறார். மூன்று மாதம் வீடு அவர் கையில் முடங்கியது. வைகாசியில் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொண்டோம்.

எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணும்போது எங்கள் ஊர்க் கணக்குப்படி எண்ண வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு வைத்திருப்பவர் முதல் ஐஸ் உடைப்பவர் வரை யார் கையிலும் காசு புரளாது. ஆடியில் யாரும் பத்திரம் போட மாட்டார்கள். ஆடி அமாவாசைக்கு எங்கள் ஊர்க் கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கோயிலான நவபாஷாணத்தில் நிற்க இடம் இருக்காது, அத்தனை பேர் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள், ஒருவர்கூட வாசலில் தொங்கும் 'வீடு விற்பனைக்கு' அட்டையை நின்று பார்க்க மாட்டார்கள். புரட்டாசி, மார்கழியும் கிட்டத்தட்ட அதே கதை. முதல் ஆடி முடிந்தபோது "ஏழு மாசம் ஆச்சு, ஒன்னும் நடக்கல" என்று தம்பி துபாயிலிருந்து சலித்துக்கொண்டான், உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் தையும் ஆனியும் சேர்த்து இரண்டே மாதம்தான் வீடு உண்மையில் விற்பனையில் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் விலையை இறக்கியிருந்தால் தப்பு.

ஆனியில்தான் ஒரு நல்ல பார்ட்டி தவறிப்போனது, இன்றைக்கும் அது மனசில் கிடக்கிறது. ராமநாதபுரத்தில் வேலை பார்க்கிறவர், இரண்டு முறை வந்தார், பேசிப் பேசி 38.5 வரைக்கும் வந்துவிட்டார். வங்கிக் கடனுக்குப் போனபோது பட்டா இன்னும் அப்பாவுக்கு இடம் விற்றவர் பெயரிலேயே இருப்பது தெரிந்தது. 37 வருஷமாக யாரும் மாற்றவில்லை. வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் சேர்த்து நாங்கள் நாலு பேர் பெயருக்குப் பட்டா வாங்குவதற்குள் அவர் வேறு இடம் பார்த்துவிட்டார். அங்கே வீடு விலையால் நிற்கவில்லை, காகிதத்தால் நின்றது. நாங்கள் அது புரியாமல் ஆவணியில் 41 ஆக்கினோம், ஐப்பசியில் 40.5 ஆக்கினோம்.

அந்த இரண்டு இறக்கத்தால் ஒரு புது ஆள்கூட வரவில்லை. வீடு தேடுகிறவர்கள் புரோக்கரிடம் "நாற்பதுக்குள்ள பாருங்க", "முப்பத்தஞ்சு வரைக்கும் போகலாம்" என்றுதான் சொல்வார்கள், 42-ம் 40.5-ம் அவர்களுக்கு ஒரே வீடு. போதாக்குறைக்கு, மாதா மாதம் இறங்குகிற வீடு என்று பெயர் வந்துவிட்டது. "அவசரப்படாதீங்க, இன்னும் இறங்குவாங்க" என்று எங்கள் புரோக்கரே ஒருவரிடம் போனில் சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன்.

நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். யார் வந்தார், எதை முதலில் பார்த்தார், போகும்போது என்ன சொன்னார் என்று எழுதிவைப்பேன். முதல் வருஷம் மொத்தம் பதினொரு பேர். மார்கழியில் அதை எடுத்துப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒன்பது பேர் பேரமே பேசவில்லை. நம் ஊரில் பிடித்த பொருளைப் பேரம் பேசாமல் விட்டுப் போகிறவர் யார்? விலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் "கடைசி விலை சொல்லுங்க" என்று கேட்பார்கள், சண்டைகூடப் போடுவார்கள். எட்டாது என்று தெரிந்தால் "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆளே வராவிட்டால் அது வீடு விற்பனைக்கு இருப்பது நாலு பேருக்குத் தெரியாத பிரச்சினையாக, இல்லை மாதப் பிரச்சினையாக இருக்கலாம். ஆள் வந்து, பார்த்து, காகிதமும் சரியாக இருந்து, அப்புறமும் பேரம் பேசாமல் போனால் விலைதான் தப்பு. மாதத்தை எண்ணியதை விட்டுவிட்டுப் பேரம் பேசியவர்களை எண்ணியிருந்தால் எங்களுக்கு முன்பே தெளிந்திருக்கும்.

அந்த நோட்டில் ஆவணியில் வந்த ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். திருப்பாலைக்குடிக்காரர், சவூதியில் வேலை. கூடத்தைப் பார்க்கும் முன்னால் நேராகக் கிணற்றடிக்குப் போனார், மோட்டாரைப் போடச் சொல்லி இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டார், அப்புறம் உள்ளங்கையில் பிடித்து வாயில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, துப்பினார். "சவரு கம்மிதான்க்கா" என்றார், உப்புக் கரிப்பு குறைவு என்று. மழைக்கு முன்னால் ருசி பார்த்தால்தான் எங்கள் பக்கக் கிணறு உண்மை பேசும், அது அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் சுற்றி வந்தபோது கையிலிருந்த வண்டிச் சாவியால் கிழக்கு ஜன்னல் சன்ஷேடின் அடியில் இரண்டு தட்டுத் தட்டினார், உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே கம்பி மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து நின்றது. உப்புக்காற்று பட்டுத் துரு ஏறினால் கம்பி உப்பிக்கொண்டு காரையை வெளியே தள்ளும், மேலே எத்தனை பெயின்ட் அடித்தாலும் உள்ளே அது நிற்காது. "உங்க விலைக்கும் என் கைக்கும் தூரம் அதிகம்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் ஊரிலும் அந்த வாரம் நல்ல மழை. நான் மதுரையில் தூங்காமல் கிடந்தேன். போய்ப் பார்த்தால் அந்தச் சன்ஷேடின் ஒரு மூலை கீழே கிடந்தது, கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். பூட்டிய வீட்டுக்கு ஒரு மழைக்காலம் என்பது பல வருஷ வயதைக் கூட்டிவிடுகிறது. ஆனியில் 38.5 கேட்டவர் அன்றைக்கு வந்திருந்தால் அந்த விலையைச் சொல்லியிருக்க மாட்டார்.

தைப் பொங்கலுக்கு அக்கா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம், தம்பி வீடியோவில். புதுப் பாம்பன் பாலம் திறக்கப் போகிறார்கள், பொறுத்தால் விலை ஏறும் என்றான் அவன். 2022 டிசம்பரோடு ராமேஸ்வரத்துக்கு ரயில் நின்றுபோனது உண்மை, திரும்ப ஓடினால் அந்தத் தீவுக்கு நல்லது, ஆனால் நம் ஊர் அந்த ரயில் பாதையிலேயே இல்லையே தம்பி என்றேன். அக்காவுக்குக் கோபம், "அப்பா வீட்டை அள்ளிக் கொடுக்கப் போறியா?" என்று கேட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் கணக்கை எழுதிக் காட்டினேன். 35 லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருஷத்துக்கு 2 லட்சத்து 45 ஆயிரம். இன்னும் ஒரு வருஷம் காத்திருந்து இரண்டு லட்சம் கூடுதலாக விற்றாலும் கையில் நட்டம்தான், அதற்கு மேல் கொத்தனார் கூலி, கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு மாதம் 1,500, நான் வந்துபோகிற செலவு.

அம்மாதான் முடித்துவைத்தது. அந்தச் சுவருக்கெல்லாம் காலையும் மாலையும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியது அம்மா, அந்த உழைப்புக்கு யாரும் விலை தரப்போவதில்லை என்பது எங்களைவிட அதற்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. "ஆளு இல்லாத வீட்டக் காத்து தின்னுரும்த்தா. இருக்கிறவுக கைக்குப் போகட்டும்" என்றது.

ஒரு தாளில் எழுதினோம். சொல்லும் விலை 37, ஒரே இறக்கம், அப்புறம் இறக்குவதில்லை. பேசி முடிக்க அடிவிலை 35, அதற்குக் கீழே என்றால் நாலு பேரும் சம்மதிக்க வேண்டும். இதை முன்கூட்டியே எழுதிவைத்தது பெரிய நிம்மதி, ஏனென்றால் பார்ட்டி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அக்காவுக்குப் போன் போட்டு, தம்பிக்குப் போன் போட்டு, அதற்குள் அவர் மனசு மாறிவிடும்.

விலையை இறக்கினால் முதலில் ஏற்கனவே வந்து பார்த்தவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களுக்கு வீடு தெரியும், குறை தெரியும், விலை ஒன்றுதான் பாக்கி. நோட்டைப் பார்த்துப் பதினொரு பேருக்கும் நானே போன் செய்தேன். ஐந்து பேர் வேறு இடம் வாங்கியிருந்தார்கள், மூன்று பேர் எடுக்கவில்லை. திருப்பாலைக்குடிக்காரர் "நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வர்றேன்க்கா, வச்சிருங்க" என்று குரல் பதிவு அனுப்பினார்.

அதற்குள் மார்ச் மாதம் ராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்கப்போவதாகத் தமிழக பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. அன்று மாலையே புரோக்கர், "அக்கா, விலையை 45 ஆக்குங்க" என்றார். தம்பிக்கும் ஆசை வந்துவிட்டது. விமான நிலையம் வரட்டும், நல்லதுதான், ஆனால் அது எந்த இடத்தில் எந்த வருஷம் வருமென்று தெரிவதற்குள் நம் சன்ஷேடு எத்தனை மழை தாங்கும் என்று கேட்டேன். தாளில் எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டது.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் திருப்பாலைக்குடிக்காரர் மனைவி, அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை பேரம் பேசினார், அப்பாடா என்றிருந்தது எனக்கு. 34.5-ல் ஆரம்பித்தார். முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதுவே மூன்று லட்சத்துக்கு மேல், சன்ஷேடு எல்லாம் உடைத்து ஊற்ற ஒன்றரை லட்சம் என்று விரல் மடக்கினார். இந்த 9 சதவீதத்தை நாம் மறந்துவிடுகிறோம், நமக்கு 36 என்றால் அவர்கள் 39-க்கு மேல் புரட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம் பேசி 35.75-ல் நின்றது. 5 லட்சம் அட்வான்ஸ், 45 நாள், அக்ரிமென்ட்டைப் பதிவு செய்தோம்.

தம்பி தனக்குப் பதிலாக இங்கே கையெழுத்துப் போட துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்பினான். அப்படி வருகிற பவருக்கு இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர் பங்குக்கு வரிப் பிடித்தமும் வேறு மாதிரி, இரண்டையும் ஆடிட்டரிடம் முன்னாலேயே கேட்டு வைத்திருந்ததால் நாள் தள்ளவில்லை. வைகாசியில் பத்திரம் முடிந்தது.

வாங்கியவர் மழைக்கு முன்னாலேயே கிழக்குப் பக்கச் சன்ஷேடு முழுவதையும் உடைத்துப் புதுசாக ஊற்றிவிட்டார். ஐப்பசியில் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன், ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே குழந்தை சத்தம் கேட்டது, முருங்கையை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள்.