புகாருக்கு அப்புறம்

தர்மபுரி மாவட்டத்தின் மலையோரக் கிராமங்களில் குழந்தைகள் பாதுகாப்புக் களப்பணியாளராக வேலை பார்க்கிறேன். ஊராட்சிகளில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு உண்டு. ஊராட்சித் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர் என்று உறுப்பினர் பட்டியலும் பக்காவாக இருக்கும். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால், சேதி முதலில் போய்ச் சேரும் இடம் நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைதான். அதனால் நானும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

குழந்தை உரிமை என்று ஆரம்பித்தால் பேச்சு நகராது. "பள்ளிக்கூடம் போய்வர வழியில பிள்ளைங்க எங்க பயப்படுதுங்க?" என்று கேட்டால் போதும். செங்கல் சூளை, டாஸ்மாக் பக்கம், விளக்கு எரியாத பஸ் ஸ்டாப் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பாட்டி மெதுவாகச் சொல்வார்: "என் பேத்தி அந்தக் கடைக்கு மட்டும் போகவே மாட்டேங்குது மேடம்."

புகார் கொடுக்கலாம் என்றால் அடுத்து வருவது பயம். "போலீஸ் ஜீப் தெருவுக்குள்ள வந்தா அவ்வளவுதான். நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?" இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனசு வராது. அந்த ஊரில் வாழப்போவது அவர்கள்தானே. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தில் இந்தப் பயத்துக்குப் பதில் இருக்கிறது. பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. பிள்ளையின் வீட்டிலேயே வாங்கலாம். பெயரோ படமோ பத்திரிகையில் வரக் கூடாது. அதே சட்டம், விஷயம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு என்றும் சொல்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பணம் வாங்கிக் கொடுத்துப் பேசி முடிக்கிற விவகாரம் இல்லை இது.

சரி, புகார் கொடுத்தாயிற்று. என் அனுபவத்தில் இதற்கு அப்புறம்தான் ஊர் தேவைப்படுகிறது. ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாக்கள் அதைத் தாண்டியும் நீள்கின்றன. ஓர் ஊரில் புகார் கொடுத்த தாயிடம் குழாயடியில் யாரும் பேசவில்லை. மளிகைக் கடையில் கடன் நின்றது. எதிர்த்தரப்பு உறவினர்கள் பணத்தோடு வந்து போனார்கள். குடும்பங்கள் மனம் உடைந்து, கோர்ட்டில் பேச்சை மாற்றிப் பிறழ் சாட்சியாவது இப்படித்தான்.

அந்தத் தாயின் மகளிர் குழுப் பெண்கள் இருவர், வாய்தா தேதியில் அவரோடு முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். ஒரு நாள் கூலி போயிற்று. புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து, கோர்ட் தாழ்வாரத்தில் மாலை வரை கூடவே உட்கார்ந்திருந்தார்கள். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டுப் பணம், மாட்டுக்குத் தீவனம் என்று பேச்சு ஓடியது. ஊரில் ஒருவர் அனுதாபப்பட்டு வாட்ஸ்அப்பில் பிள்ளையின் பெயரைப் போட்டபோது, வீட்டுக்கே போய் அதை அழிக்க வைத்தவர்களும் இவர்கள்தான். அந்தத் தாய் இன்றுவரை பின்வாங்கவில்லை. வழக்கு நடக்கிறது.

இப்போதெல்லாம் புது ஊருக்குப் போனால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐச் சொல்லிக்கொடுத்த கையோடு இதையும் கேட்டுவிடுகிறேன்: "நாளைக்கு உங்க தெருவுல ஒரு அம்மா கோர்ட்டுக்குப் போனா, கூட யாரு போவீங்க?" ஒருவரோ இருவரோதான் வருவதாகச் சொல்வார்கள். வேலையை அவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.