ஒரே நாய், ரெண்டு கணக்கு

தேங்காய் ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டது மணி.

ரொட்டி சுடும் வாசத்துக்கே தோட்டத்து லய வீட்டு வரிசையின் கோடியிலிருந்து ஓடி வந்த நாய். இப்போது ஹட்டன் குளிரில் பின்னங்கால் மடங்கி, படுத்த சாக்கிலேயே மூத்திரம் போகிறது. நனைந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏங்க, ஊசி போட்டுறலாமா?"

அவர் சாக்கை மாற்றிக்கொண்டே, "நேத்துக்கூட வால ஆட்டுச்சே" என்றார்.

மிருக வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். முதலில் மயக்க ஊசி. நன்றாகத் தூங்கியபின் அளவுக்கு மிஞ்சிய மயக்க மருந்து நரம்பில். சில நிமிடத்தில் இதயம் நிற்கும். கண் மட்டும் மூடாதாம்.

வலி, பசி, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், நல்ல நாள் அதிகமா கெட்ட நாள் அதிகமா: ஒவ்வொன்றுக்கும் 10க்குப் புள்ளி போடச் சொன்னார். நிலைமை நன்றாக இருந்தால் கூடுதல் புள்ளி. மொத்தம் 70. 35க்கு மேலே வந்தால் இன்னும் வைத்துப் பார்க்கலாம்.

நானும் என் வீட்டுக்காரரும் தனித்தனியாகப் போட்டோம். என்னுடையது 24. அவருடையது 41.

சண்டைதான் வந்தது. பிறகுதான் புரிந்தது, அவர் பார்ப்பது அந்தி நேரத்து மணியை. அவர் செருப்புச் சத்தம் கேட்டால் அது எப்படியாவது எழும்பப் பார்க்கும். பகலெல்லாம் முனகலைக் கேட்பவள் நான்.

நாளைக்கு அவருக்கு லீவு. காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்து மறுபடி போடுங்க என்று சொல்லியிருக்கிறேன்.