கரும்பொருள் திரள்களில் பேரடைகளும் குவேசார்களும்

வானத்தில் நாம் காணும் விண்மீன் பேரடைகள் கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் திரள்களின் உள்ளே அமைந்திருக்கின்றன. பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு இந்தக் கரும்பொருளே. 1933 இல் பிரிட்ஸ் சுவிக்கி, கோமா பேரடைக் கொத்தில் பேரடைகள் ஓடும் வேகத்தைக் கொண்டு, அங்கே ஒளிரும் பொருள் மட்டும் அவற்றைப் பிணைத்து வைக்கப் போதாது என்று கண்டார். 1970 இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அந்திரொமேடாப் பேரடையின் சுழற்சி வேகம் வெளிப்புறத்திலும் குறையாமல் இருப்பதை அளந்து காட்டினார்கள். கரும்பொருளைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. எந்த அளவுத் திரளில் எத்தனை பேரடைகள் இருக்கின்றன, எந்தத் திரளில் குவேசார் எனப்படும், கருந்துளையைச் சுற்றி எழும் பேரொளி எரிகின்றது என்ற அடுத்த கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடை அதைவிட வியப்பானது என்று நான் கருதுவதால், இந்தப் பதிவு அதைப் பற்றியது.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆய்வின் அடிப்படை எளிதில் விளங்கும். நிலவில்லாத இரவில் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் குளத்து நீர் தெரியாது. ஆனால் வீட்டு விளக்குகள் எங்கே நெருங்கியும் எங்கே தனித்தும் தெரிகின்றன என்பதை வைத்து, அங்கே இருப்பது இரணைமடுவைப் போன்ற பெருங்குளமா, ஒரு சிற்றூருக்கு மட்டும் நீர் கொடுக்கும் சிறுகுளமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். வானியலாளரும் ஒளிரும் பேரடைகளின் நெருக்கத்தை அளந்தே, அவற்றைத் தாங்கி நிற்கும் இருண்ட திரளின் திணிவை மதிப்பிடுகின்றார்கள்.

இதற்கு அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குறித்த திணிவுள்ள ஒரு திரளில், குறித்த பிரகாசத்துக்கு மேற்பட்ட பேரடைகள் ஒன்று, இரண்டு, மூன்று என இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? 2000 ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் இந்த அணுகுமுறை முழு வடிவம் பெற்றது. அதில் மிகச் சிறந்த சிந்தனை என நான் மதிப்பது, பேரடைகளை மையப் பேரடை, துணைப் பேரடை என இரண்டாகப் பிரித்ததே. திரளின் திணிவு ஓர் எல்லையைத் தாண்டியதும் அதன் நடுவில் ஒரு பேரடை உருவாகின்றது. அதன் பின்னர் திணிவு இருமடங்கானாலும் ஐந்து மடங்கானாலும், அதே அளவு பிரகாசமான இரண்டாவது பேரடை பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. பேரடைகளின் இடங்களையும் தூரங்களையும் பெருமளவில் பதிவுசெய்த ஸ்லோன் வான் அளவையின் தரவுகளின்படி, சராசரியாக ஒரு துணைப் பேரடையைக் கொண்டிருக்க, அந்த எல்லைத் திணிவைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு திணிவு வேண்டும்; அதற்கு மேல், துணைகளின் எண்ணிக்கை திணிவுக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் கூடுகின்றது.

இந்த இடைவெளி ஏன் இத்தனை பெரியது? துணைப் பேரடை என்பது முன்னர் தனக்கென ஒரு திரளில் மையமாக இருந்து, பின்னர் அந்தத் திரளோடு சேர்ந்து பெரிய திரளுக்குள் விழுந்த ஒன்று. அப்படி விழுபவற்றுள் பெரும்பாலானவை சிறியவை. பெரியவையோ கரும்பொருளின் இழுவையால் வேகம் இழந்து, நடுவை நோக்கி அமிழ்ந்து, மையப் பேரடையோடு கலந்துவிடுகின்றன. ஆகவே எந்த நேரத்திலும் தனியாக எஞ்சி நிற்கும் பெரிய துணைகள் குறைவு. நமது பால்வெளியின் திரள் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி சூரியத் திணிவு கொண்டது. அதற்குள் விழுந்துகொண்டிருக்கும் துணைகளுள் பிரகாசமானது பெரிய மகெல்லன் முகில். எங்கள் அகலாங்கிலிருந்து அது தென் அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 11 பாகை உயரத்துக்கே எழும். தை மாதத்தில் மழை ஓய்ந்த தெளிவான இரவில், எட்டு மணியளவில், தெற்கே மறைப்பில்லாத இரணைமடுக் குளக்கட்டு போன்ற இடத்திலிருந்து தேடுவது நல்லது.

இனி அளக்கும் முறைக்கு வருகின்றேன். இலட்சக்கணக்கான பேரடைகளின் தூரங்களைச் செம்பெயர்ச்சி (விலகிச் செல்லும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது) மூலம் அறிந்த பின்னர், குறித்த இடைத்தூரத்தில் எத்தனை சோடிகள் இருக்கின்றன என்று எண்ணி, தற்செயலாகப் பரப்பிய புள்ளிகளில் கிடைக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிடுகின்றார்கள். தூரம் கூடக்கூட இந்த மிகுதி, தூரத்தின் ஏறத்தாழ 1.8 ஆம் அடுக்குக்கு நேர்மாறாகக் குறைகின்றது என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. ஆனால் இதை மடக்கை அளவில் வரைந்தால் கிடைக்கும் கோடு முற்றிலும் நேரானதன்று என்பதை 2004 இல் இடித் செகாவியும் அவருடைய குழுவினரும் ஸ்லோன் தரவுகளில் காட்டினார்கள். சில பத்து இலட்சம் ஒளியாண்டு அளவில் ஒரு சிறிய வளைவு இருந்தது. அதற்குக் குறைந்த தூரத்தில் நாம் எண்ணுவன ஒரே திரளுக்குள் இருக்கும் சோடிகள். அதற்குக் கூடிய தூரத்தில் எண்ணுவன வெவ்வேறு திரள்களில் இருக்கும் சோடிகள். யாரும் கண்ணால் காணாத ஒரு திரளின் விளிம்பு, எண்ணிக்கை வரைபில் ஒரு வளைவாகத் தெரிகின்றது என்பதை உயர்தர பௌதிகவியல் வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் நான் உள்ளம் கிளர்கின்றேன்.

திணிவு கூடிய திரள்கள் தமக்குள் அதிகம் நெருங்கி அமைகின்றன என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கான காரணத்தை 1984 இல் நிக் கைசர் விளக்கினார்: ஆதிப் பிரபஞ்சத்தின் அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளில் மிக உயர்ந்த முகடுகள், ஏற்கெனவே மேடாக இருக்கும் பரப்புகளிலேயே எழும் வாய்ப்பு அதிகம். எனவே ஒரு வகைப் பொருள் எவ்வளவு வலுவாகக் கொத்தாக அமைகின்றது என்று தெரிந்தால், அது வாழும் திரளின் திணிவு தெரிந்துவிடும். குவேசார்களை எடைபோட உதவியது இந்த வழிதான்.

குவேசார் என்பது பேரடையின் நடுவிலுள்ள மிகப்பெரிய கருந்துளைக்குள் வாயு விழும்போது எழும் ஒளி. 1963 இல் மார்ட்டன் சிமித், 3சி 273 என்ற பொருளின் நிறமாலையில் 0.158 செம்பெயர்ச்சியைக் கண்டு, விண்மீனைப் போலத் தோன்றிய அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பதை உணர்ந்தார். அவுஸ்திரேலியாவில் நடந்த 2டிஎஃப் அளவை 23,000 க்கும் மேற்பட்ட குவேசார்களைத் திரட்டியது. 2005 இல் வெளியான அதன் பகுப்பாய்வு, குவேசார்கள் வாழும் திரள்கள் சில இலட்சம் கோடி சூரியத் திணிவு கொண்டவை என்றும், பிரபஞ்சத்தின் வெவ்வேறு வயதுகளிலும் அந்தத் திணிவு பெரிதாக மாறவில்லை என்றும் காட்டியது.

இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “ரீச்சர், பெரிய கருந்துளை பெரிய திரளிலதானே இருக்கும்? அப்ப குவேசார் ஏன் நடுத்தரத் திரளில இருக்குது?” இந்தத் துறையின் நடுவிலேயே கை வைத்த கேள்வி அது.

விடை, கருந்துளையின் பருமனில் அல்ல, அதற்குக் கிடைக்கும் உணவில் இருக்கின்றது. சிறிய திரள்களில், வெடிக்கும் விண்மீன்கள் வாயுவை வெளியே தள்ளிவிடுகின்றன. மிகப் பெரிய திரள்களில், விழும் வாயு பல கோடி பாகைக்குச் சூடேறி, குளிர்ந்து நடுவை அடைய முடியாமல் நின்றுவிடுகின்றது. அங்கே பேரடைகள் ஒன்றையொன்று கடக்கும் வேகமும் அதிகம் என்பதால் அவை எளிதில் இணைவதில்லை. இரண்டுக்கும் இடையில், ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி சூரியத் திணிவு அளவில், விண்மீன்கள் உருவாவதும் மிகுந்த பயனோடு நிகழ்கின்றது. அந்த உச்சத்திலும்கூட, திரளின் பங்குக்கு உரிய சாதாரணப் பொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே விண்மீன்களாக மாறியிருக்கின்றது.

கன்னி விண்மீன் கூட்டம் இதற்குக் கண்கூடான சான்று தருகின்றது. சித்திரை, வைகாசி இரவுகளில் வன்னியில் அது ஏறக்குறைய உச்சிக்கு வரும். அந்தத் திசையில் 5.5 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்87 பேரடை, பால்வெளியின் திரளைப்போல் பல நூறு மடங்கு திணிவுள்ள கன்னிக் கொத்தின் நடுவில் இருக்கின்றது. 2019 இல் படம் வெளியிடப்பட்ட அதன் கருந்துளை 650 கோடி சூரியத் திணிவு கொண்டது. அதே கூட்டத்தின் திசையில், மிகமிக அப்பால், 3சி 273 இருக்கின்றது. சிலியிலுள்ள தொலைநோக்கிகளை இணைத்து 2018 இல் செய்த அளவீடு, அதன் கருந்துளைக்கு ஏறத்தாழ 30 கோடி சூரியத் திணிவையே தந்தது. இருபதில் ஒரு பங்கு திணிவுள்ள கருந்துளை குவேசாராக எரிய, அதைவிடப் பன்மடங்கு பெரியது அடங்கிக் கிடக்கின்றது. எம்87 இன் கருந்துளை இத்தனை பெரிதாக வளர்ந்ததற்கு, அதன் திரள் இன்னும் சிறிதாக இருந்த காலத்தில் அதுவும் குவேசாராக எரிந்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம்.

எரியும் காலத்தையும் இதே எண்ணிக்கையிலிருந்து பெறலாம். குவேசார்களின் நெருக்கம் காட்டும் திணிவுள்ள திரள்கள் ஏராளம், குவேசார்களோ அரிது. ஆகவே எந்தக் கணத்திலும் அந்தத் திரள்களுள் மிகச் சிலவே எரிகின்றன. இந்த வாதத்தை 2001 இல் போல் மார்ட்டினியும் டேவிட் வைன்பேர்க்கும் கணக்காக வகுத்தார்கள். இத்தகைய மதிப்பீடுகள் பத்து இலட்சம் முதல் பத்துக் கோடி ஆண்டு வரையான ஆயுளைத் தருகின்றன.

துணைப் பேரடைகளில் எத்தனை குவேசார்கள் எரிகின்றன என்பது மட்டும் இன்னும் உறுதிப்படவில்லை. ஒரே திரளுக்குள் இரண்டு குவேசார்கள் அகப்படுவது மிக அரிது. அத்துடன் ஸ்லோன் கருவியில் ஒளியைக் கொண்டுசெல்லும் நார்கள் இரண்டை 55 பாகைச் செக்கனுக்கும் (ஒரு பாகைச் செக்கன் என்பது ஒரு பாகையின் 3,600 இல் ஒரு பங்கு) நெருக்கமாக வைக்க முடியாததால், மிக நெருங்கிய சோடிகளில் ஒன்று தவறிப்போனது. இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. இந்தக் கணக்கு முழுவதும், திரளின் திணிவு ஒன்றே அதன் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கின்றது என்று கொள்கின்றது. 2005 இல் காவோ, ஸ்பிரிங்கல், வைட் ஆகியோரின் கணினி உருவகிப்பு, ஒரே திணிவுள்ள சிறிய திரள்களுள் முன்கூட்டி உருவானவை அதிகம் நெருங்கி அமைவதைக் காட்டியது. உண்மையான பேரடைகளிலும் குவேசார்களிலும் அந்தப் பிறப்புக் காலத்தின் தடம் எவ்வளவு வலுவாகப் பதிந்திருக்கின்றது என்பதில் ஆய்வாளர் இன்னும் உடன்படவில்லை. அரிசோனாவிலிருந்து பேரடைகளின் தூரங்களை அளக்கும் டெசி கருவி சேர்த்துவரும் கோடிக்கணக்கான நிறமாலைகளில் நான் முதலில் தேடிப் படிப்பது இந்தக் கேள்விக்கான விடையாகவே இருக்கும்.