மாமா வீட்டுக் கதவுக்கல்

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாமா வீட்டு வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கருப்புக் கல் கிடக்கும். உள்ளங்கை அளவுதான், ஆனால் தூக்கினால் கை இறங்கும். பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டபோது தண்ணீர் வடியக் கான் வெட்டிய இடத்தில் எடுத்ததாம். "இது இரும்புடா, ஜெராய் மலை பூரா இரும்பு, எவனாவது ஒரு நாள் வந்து தோண்டுவான், அன்னிக்கு நம்ம நிலைமையே வேற" என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நிலம் மாமாவுடையது இல்லை, தோட்டத்துடையது. சொந்த நிலமாகவே இருந்தாலும் இங்கே மண்ணுக்கடியில் இருக்கிற கனிமம் மாநில அரசுக்குத்தான் சொந்தம், தேடிப் பார்ப்பதற்கே உரிமம் வேண்டும். அதையெல்லாம் மாமாவிடம் சொன்னால் எடுபடாது.

ஒரு நாள் நிஜமாகவே ஆள் வந்துவிட்டார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். நிலவியல் படித்த ஈப்போ தம்பி ஒருவர், கூட இரண்டு பேர், பிக்கப் நிறைய சாமான். வழி வெட்ட உள்ளூர் ஆள் கேட்டார்கள், நான் பத்து நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே சுற்றினேன்.

தேடல் என்றால் முதல் நாளே துளை போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, நடைதான். நூறு மீட்டருக்கு ஒரு கோடு, அதில் இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு நிறுத்தம், அங்கே மரத்தில் ஊதா ரிப்பன் கட்டி எண் எழுத வேண்டும், காந்தப்புலத்தை அளக்கிற காந்தமானியில் அளவு எடுக்க வேண்டும், முழங்கை ஆழத்துக்குத் துளைத்துக் கொஞ்சம் மண்ணைப் பையில் போட வேண்டும். காந்தமானி பிடிப்பவர் உடம்பில் இரும்பே இருக்கக்கூடாது. பெல்ட் பக்கிள், சாவி, போன் எல்லாம் வண்டியில். பாராங் கத்தி வைத்திருக்கிற நான் நன்றாகத் தள்ளிப் போய் நிற்க வேண்டும், கிட்டே வந்தால் என்னையே இரும்பு மலையாகக் காட்டிவிடுமாம்.

இங்கே பூமியின் காந்தப்புலம் சுமார் 42,000 நானோடெஸ்லா. அதில் நூறு, இருநூறு மாறினாலே நின்று பார்க்கிறார்கள். அடியில் காந்தக்கல் இருந்தால் எண் ஏறும் என்றுதானே நாம் நினைப்போம்? நம் ஊர் காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் இங்கே நேர்மாறு: கல்லுக்கு மேலே எண் இறங்கும், வடக்கிலும் தெற்கிலும் ஏறும். அதனால் சாயந்திரம் ஒட்டுக்கடையில் தே தாரேக்கோடு மடிக்கணினியைத் திறந்தால் ஏறிய எண்ணைச் சிவப்பாகவும் இறங்கியதை நீலமாகவும் காட்டுகிற படத்தில் எல்லோரும் தேடுவது சிவப்பை இல்லை, நீலத்தை. ஏழாம் கோட்டில் பளிச்சென்று ஒரு நீலம் வந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் பழைய லயன் வீடுகளை இடித்த இடம், துருப்பிடித்த குழாயும் தகரமும் புதைந்து கிடக்கின்றன. அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மாமா விடுவாரா? மூன்றாம் நாளே கல்லைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"தம்பி, இதைப் பார்த்துச் சொல்லுங்க."

தம்பி முதலில் ஒரு உடைந்த குளியலறை டைல்ஸைத் திருப்பி, மினுமினுப்பு இல்லாத பின்பக்கத்தில் தன்னிடமிருந்த இரண்டு வகை இரும்புத்தாதுக் கல்லைத் தேய்த்துக் காட்டினார். ஹெமடைட் செங்கல் நிறத்தில் கோடு போட்டது, மேக்னடைட் கருப்பாக. அப்புறம் மாமாவின் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், லென்ஸ் வைத்தும் பார்த்தார். பொட்டுப் பொட்டாகக் காற்றுக்குமிழி ஓட்டை, ஒரு பக்கம் ஆப்ப மாவு வழிந்து உறைந்த மாதிரி மடிப்பு. காந்தம் ஒரு மூலையில் ஒட்டியது, மற்ற இடத்தில் வழுக்கியது.

"ஐயா, இது தாது இல்ல. சிட்டம். இரும்பை உருக்கினப்ப மிஞ்சின கசடு."

பக்கத்துச் சுங்கை பத்துவில் யுஎஸ்எம் பல்கலைக்கழக ஆட்கள் தோண்டி, பழைய இரும்பு உருக்கு உலைகளும் காற்று ஊதும் களிமண் குழாய்களும் குவியலாக எடுத்தது நமக்குத் தெரிந்த கதைதான், அதுவும் செம்பனைக்கு நடுவில்தான் கிடைத்தது. கடாரம் என்று நாம் பெருமை பேசுகிற ஊரில் எவனோ உருக்கி எறிந்த குப்பை மாமா வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்கு அது இரும்பைவிடப் பெரிய விஷயமாகப்பட்டது, மாமாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப உருக்கியிருக்கான்னா தாது இங்கதானே இருந்திருக்கணும்?" என்று கேட்டார் பாருங்கள், அது நல்ல கேள்வி.

தம்பி மறுக்கவில்லை. தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். இருநூறு மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஐம்பது மீட்டர் ஆழம் என்று ஒரு தாதுப் பட்டை இருப்பதாகவே வையுங்கள். ஒரு லட்சம் கன மீட்டர். எடை கனமீட்டருக்கு நான்கு டன் என்றால் நாலு லட்சம் டன். கேட்க மலைப்பாக இருக்கிறதா? தாது ஏற்றும் பெரிய கப்பல் ஒன்றே சுமார் 170,000 டன் கொள்ளும், ஆக இரண்டரைக் கப்பல்கூட நிரம்பாது. அதிலும் சந்தையில் விலை பேசுகிற அளவுகோல் 61, 62 விழுக்காடு இரும்பு. அதற்குக் கீழே போனாலும் கந்தகமும் பாஸ்பரசும் ஏறினாலும் விலை விழும். கையில் இருக்கிற கல் எவ்வளவு நல்ல கல்லாக இருந்தாலும் இந்த நீள அகல ஆழத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது, அதற்குத்தான் பள்ளம் வெட்டுவதும், அதிலும் தேறினால் துளைத்து உருளை உருளையாகப் பாறையை வெளியே எடுப்பதும். அந்தக் காலத்து உலைக்காரனுக்குக் கூடையில் அள்ளுகிற தாது போதும், கம்பெனிக்குப் போதாது.

பத்தாம் நாள் மண் பைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். ரிசல்ட் வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. வெட்டிய ஒரே பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது.

கல் பழையபடி கதவடியில்தான். ஏழாம் கோட்டு ரிப்பன் மட்டும் இன்னும் ஒரு மரத்தில் வெளுத்துப்போய்த் தொங்குகிறது. குலை வெட்டுகிறவர்கள் லோரிக்காரரிடம் "ரிப்பன் மரத்துக்கிட்ட நிறுத்துங்கண்ணே" என்று வழி சொல்கிறார்கள்.