இருவர் பேசும் பாட்காஸ்ட்: பதிவும் வெட்டலும்

பத்து நிமிடப் பாட்காஸ்ட்டுக்கு அரை மணி நேரம் பேசிப் பதிவு செய்தால் போதும். இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால் பாதிப்பேர் அங்கேயே கைவிட்டுவிடுவார்கள். எடிட்டிங்கால் சரிசெய்ய முடியாதவை மூன்று: அறையின் எதிரொலி, ஃபேன் காற்று, உச்சத்தில் உடைந்த குரல். மூன்றையும் பதிவின்போதே தவிர்த்துவிட வேண்டும்.

சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருக்கும் ஹாலை விட, மெத்தை போட்ட படுக்கையறையே நல்லது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வையுங்கள். தரையில் கனமான ஜமுக்காளமோ போர்வையோ விரியுங்கள். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதில் பெரிய பலன் இல்லை. ஃபேனையும் ஏசியையும் நிறுத்தியே ஆகவேண்டும். ஃபேன் காற்று மைக்கில் ஏறி இறங்கி மோதுவதால், இரைச்சலை நீக்கும் கருவி அதைச் சரியாகப் பிடிக்காது. குரலும் சேர்ந்து தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

மைக் ஆளுக்கொன்று வேண்டும். இரண்டு போன், இரண்டு காலர் மைக் இருந்தாலே போதும். மைக் வாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். துப்பட்டாவோ தாலிச் சங்கிலியோ அதில் உரசக்கூடாது. இருவருக்கும் இடையே ஒரு மீட்டருக்குக் குறையாத தூரம் விடுங்கள்: உங்கள் வாய்க்கும் உங்கள் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது அடுத்தவர் வாய் தள்ளி இருந்தால்தான் ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் பெரிதாக ஏறாது. போனை ஃபிளைட் மோடில் வைத்து, 48 கிலோஹெர்ட்ஸில், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) ஃபைலாகப் பதியுங்கள். 16 பிட் மோனோ (ஒற்றைச் சேனல்) என்றால் அரை மணி நேரத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகும். போனில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு ஆப்பின் ஒலி அளவுகாட்டியில் பூஜ்யமே உச்ச எல்லை; சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சோதிக்கும்போது இருவரையும் வாய்விட்டுச் சிரிக்கச் சொல்லுங்கள். சிரிப்பு பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடைந்துவிடும், பிறகு திருத்த வழியில்லை. பிறகு இரண்டு பதிவையும் நேர்படுத்த உதவும் என்பதால், பதிவு தொடங்கியதும் இரண்டு மைக்குக்கும் நடுவில் ஒருமுறை கைதட்டுங்கள். முடிக்கும்போது இன்னொரு முறை. அதன்பின் யாரும் பேசாமல் 30 விநாடி அறையின் வெறும் சத்தத்தைப் பதியுங்கள்.

எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருள் இலவசம், இந்த வேலைக்கு அதுவே தாராளம். இரண்டு டிராக்கையும் (ஒவ்வொரு போனின் பதிவும் ஒரு டிராக்) ஏற்றி, முதல் கைதட்டலின் கூர்முனைகளை நேர்படுத்துங்கள். கடைசிக் கைதட்டல் சில பத்து மில்லிசெகண்டு விலகி நிற்கக்கூடும். ஒவ்வொரு போனின் கடிகாரமும் கொஞ்சம் வேறு வேகத்தில் ஓடுவதே காரணம். நடுவில் ஒரு மௌனத்தில் ஒரு டிராக்கை மட்டும் வெட்டி, மீதியை நகர்த்தினால் சரியாகிவிடும். அதன்பிறகு எதை வெட்டினாலும் இரண்டு டிராக்கையும் சேர்த்தே தேர்ந்தெடுத்து வெட்டுங்கள்; இல்லாவிட்டால் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்.

வெட்டுவதில்தான் தமிழ்க் காது வேண்டும். ‘கேட்டு’, ‘பேச்சு’ போன்ற சொற்களின் கடைசி உகரம் மிக மெலிதாக ஒலிக்கும். திரையில் அது வெறும் கோடாகத்தான் தெரியும். கோடுதானே என்று ஒட்ட வெட்டினால் ‘கேட்ட்’ என்று தொண்டையில் அடைத்தது மாதிரி நிற்கும். அலை அடங்கியபின் ஒரு 100 மில்லிசெகண்டு விட்டு வெட்டுங்கள். மெல்லிய ஒலியைத் தானாக அடைக்கும் நாய்ஸ் கேட் போட்டாலும் இதே உகரம்தான் முதலில் போகும். அதனால் பேச்சுக்கு அது வேண்டாம் என்பேன்.

‘வந்து’, ‘அதாவது’ எல்லாவற்றையும் துடைக்கத் தோன்றும். ‘எனக்கு வந்து அப்போ ஒண்ணும் புரியல’ என்பதை வேகமாகப் பேசுகிறவர் ‘வந்தப்போ’ என்று ஒட்டியே சொல்லியிருப்பார். ‘வந்து’வை எடுத்தால் ‘எனக்கு தப்போ’ என்று மிஞ்சும். அந்த இடத்தில் விட்டுவிடுவதே நல்லது. முன்னும் பின்னும் இடைவெளி உள்ளவற்றை மட்டும் எடுங்கள். அடுத்த வாக்கியத்துக்கு முன் இழுக்கும் மூச்சு அந்த வாக்கியத்தோடு சேர்ந்தது; மூச்சுக்கு முன்னால் வெட்டுங்கள். இரண்டு மூச்சு அடுத்தடுத்து விழுந்தால் வெட்டு உடனே தெரிந்துவிடும். இடைவெளி தேவைப்பட்டால் அறைச் சத்தத்திலிருந்து ஒரு துண்டை ஒட்டுங்கள், முழு மௌனம் காதில் குழிபோல் விழும். எதிராளி ‘ம்’ கொட்டுவதை அழிக்காதீர்கள், 6 டெசிபல் குறைத்தால் போதும். ஒரு டிராக்கில் அழித்தாலும் மற்ற மைக்கில் அது மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கடைசியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை பாஸ் ஃபில்டரால் நீக்குங்கள். இரைச்சல் தொந்தரவாக இருந்தால் மட்டும், அந்த 30 விநாடியை மாதிரியாகக் கொடுத்து 6 டெசிபல் குறையுங்கள். பிறகு இரண்டு டிராக்கையும் ஒரே மோனோவாகக் கலந்து, ஒட்டுமொத்தச் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் லவுட்னெஸ் நார்மலைசேஷனில் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) என்று கொடுங்கள். அதில் மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் கட்டம் டிக் ஆகியிருக்க வேண்டும். அதன்மேல், உச்சம் எல்லை தாண்டாமல் தடுக்க மைனஸ் 1 டெசிபலில் ஒரு லிமிட்டர். 96 கேபிபிஎஸ் எம்பி3யாக எடுத்தால் பத்து நிமிடம் சுமார் 7 எம்பி வரும். மொபைல் டேட்டாவில் கேட்பவருக்கும் அது பாரமில்லை.