பூலாவின் மேல் உட்கார்ந்த வெள்ளிக்கிழமைகள்

குவாதலூப்புக்கு வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை. இரவு பதினொரு மணி இருக்கும். தூரத்தில் தோல் வாத்தியச் சத்தம் கேட்டது. யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். காரைக்காலில் எங்கள் தெருவில் அந்த நேரத்தில் அப்படிக் கேட்டால் அதற்கு வேறு பொருள் கிடையாது. பாட்டி உடனே ஜன்னலைச் சாத்தச் சொல்வார். பழக்கத்தில் எழுந்து ஜன்னலருகே போனேன். இந்த ஊர் ஜன்னல்களுக்கு வெறும் மரச் சட்டங்கள்தான். காற்றுக்கும் சத்தத்துக்கும் அவை தடையே இல்லை. விடியும்வரை அந்தத் தாளம் வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது.

என் கணவரின் தாத்தா 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர். புதுச்சேரி, காரைக்கால் பக்கம் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய உண்டு. அவர் போட்ட ஒரு கையெழுத்து என்னைத் திருமணமானவுடன் பாரிஸ் புறநகருக்குக் கொண்டுபோனது. ஆறு குளிர்காலங்கள் கழித்து, கணவருக்கு வேலை மாறுதல் வந்து கரீபியன் கடலில் இருக்கும் இந்தத் தீவுக்கு வந்தோம். சட்டப்படி இதுவும் பிரான்ஸ்தான். அதே யூரோ, அதே படிவங்கள், அதே மஞ்சள் நிற அஞ்சல் பெட்டி. ஆனால் புவாந்தப்பித்ர் சந்தையில் மரவள்ளியும் வாழைக்காயும் ஈரப்பலாவும் குவிந்து கிடந்தன. மஞ்சளும் கொத்தமல்லியும் மணக்கும் மசாலாப் பொடியைக் 'கொலம்போ' என்று சொல்லி விற்றார்கள். முதல் மாதத்தில் எனக்கு ஆறுதல் அந்தப் பொடி ஒன்றுதான். பிரெஞ்சு பேசினால் கடைக்காரர்கள் பதில் சொன்னார்கள். தங்களுக்குள் தீவின் மொழியான கிரியோல் பேசிச் சிரித்தபோது நான் வெளியே நின்றேன்.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் அந்த இரவுச் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். "சாவு இல்லை மகளே, லேவோஸ். பாட்டும் ஆட்டமுமாகக் கூடும் இரவு" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை என்னையும் அழைத்துப் போனார்.

ஒரு வீட்டின் பின்புறம், தகரக் கூரை போட்ட இடம். ஆட்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். இரண்டு பேர் பீப்பாய்களைப் படுக்கப் போட்டு அவற்றின் மேல் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். அவைதான் பூலா. நடுவில் ஒருவர் சற்றுச் சிறிய பீப்பாயை நிமிர்த்திக் கால்களுக்கிடையில் பிடித்திருந்தார், அது மாக்கே. ஒருவர் சுரைக்குடுவையில் விதைகள் போட்ட கிலுகிலுப்பையை ஆட்டினார். பாடகர் ஒரு வரி பாட, கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் பதில் பாடினார்கள். பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. வெறுங்காலோடு ஒரு வயதான பெண்மணி வட்டத்துக்குள் நுழைந்து, மாக்கே வாசிப்பவரின் எதிரே நின்று ஆடத் தொடங்கினார். அந்தக் கலைக்குத்தான் க்வோ கா என்று பெயர். 2014-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அன்று இரவு எனக்கு அது எதுவும் தெரியாது. தரையிலிருந்து பாதம் வழியாக ஏறிய அதிர்வுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் தன் வீட்டு மாமரத்தடியில் கற்றுக்கொடுக்கும் ஒரு பெரியவரிடம் சேர்ந்தேன். ஊரே அவரைத் 'தொந்தோன்' என்று அழைக்கும். நம் மாமாவைப் போன்ற சொல். முதல் நாளே அவர் விதித்த நிபந்தனை: "ஆறு மாதம் பூலா மட்டும். மாக்கேயைத் தொடக் கூடாது."

பூலாவின் வேலை ஒரே தாள உருவை மாறாமல் வாசிப்பது. கேட்க எளிது. நடுவில் கனத்த அடி, விளிம்பில் திறந்த அடி, மறுபடியும் அதே. மூன்று நிமிடம் ஆனதும் கை தானாக வேகமெடுக்கும். ஐந்து நிமிடம் ஆனதும் மனம் சலித்து, எதையாவது அழகுக்காகச் சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் தொந்தோன் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். "உன் மேல் இன்னொருவர் நிற்கிறார். நீ அசைந்தால் அவர் விழுவார்." பெருவிரல் அடிப்பகுதி வீங்கி, புதன்கிழமைகளில் கரண்டி பிடிக்க முடியாது. நான் விடவில்லை. வந்த ஊரில் எனக்கென்று ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்தப் பீப்பாயின் மேல் ஒன்றரை அடி இடம் இருந்தது.

சிறுவயதில் பதினைந்து வயதுவரை பரதநாட்டியம் கற்றவள் நான். தட்டுக்கழி தட்டும், கால் கேட்கும். சொல்கட்டு முன்பே தீர்மானமானது. அதற்குள் நான் பொருந்த வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. ஆடுபவர் தான் நினைத்ததை ஆடுகிறார். மாக்கே வாசிப்பவர் கண்ணிமைக்காமல் அவர் பாதங்களைப் பார்த்து, ஒவ்வோர் அடியையும் அந்த நொடியிலேயே தோலில் ஒலிக்கவைக்கிறார். ஆடுபவர் தடுமாறி விழுவதுபோல் சாய்ந்து பிறகு நிமிர்ந்தால், அந்தச் சாய்வுக்கும் ஓர் ஒலி உண்டு. "மாக்கேக்குக் காது போதாது, கண் வேண்டும்" என்பார் தொந்தோன். அந்த வயதான பெண்மணி எதற்கு வாத்தியக்காரரின் எதிரே போய் நின்றார் என்று எனக்குப் பல வாரங்கள் கழித்துத்தான் புரிந்தது. தன் கால்களை அவர் வாத்தியக்காரருக்குப் படிக்கக் கொடுத்தார்.

க்வோ காவில் அடிப்படைத் தாளங்கள் ஏழு. தூம்ப்ளாக் மகிழ்ச்சியின் வேகம். கலாஜா மெதுவானது, துயரத்துக்கு உரியது. அதை வாசிக்கும்போது தொந்தோன் யாரையும் பார்க்கமாட்டார். மரவள்ளிக் கிழங்கைச் சீவி மாவாக்கும் வேலையோடு பிறந்தது க்ராஜ். நம் நடவுப் பாட்டுப் போல அதற்குள் உழைப்பின் மூச்சு இருக்கிறது. ஊலே மூன்று மூன்றாக நடப்பது. திஸ்ரம் பழகிய என் உடம்புக்கு அது மட்டும் முதல் நாளே வந்துவிட்டது. மற்றவற்றை நான் விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்து, "எண்ணாதே, பாட்டைக் கேள்" என்று சொல்லிச் சொல்லியே எண்ணும் பழக்கத்தைப் போக்கினார்.

ஒருநாள் துக்க வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். அங்கே வாத்தியமே இல்லை. ஆண்கள் நெருக்கமாக நின்று, தொண்டையாலும் கைத்தட்டலாலும் பூலாவையும் மாக்கேயையும் எழுப்பினார்கள். பூலாகியேல் என்று அதற்குப் பெயர். தோலின் கனத்த அடி நெஞ்சிலிருந்தும், விளிம்பின் அடி பல்லிடுக்கிலிருந்தும் வந்தன. கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த எனக்கு அது அந்நியமாகவே இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதையும் அங்கேதான் உணர்ந்தேன். கொன்னக்கோல் எண்ணிக்கையில் வாழ்கிறது. இது மூச்சுவாங்கலில் வாழ்கிறது.

பீப்பாயின் கதையைத் தொந்தோன் துண்டு துண்டாகச் சொன்னார். ஐரோப்பாவிலிருந்து உப்பிட்ட இறைச்சி வந்த பீப்பாய்கள் அவை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கையில் கிடைத்தவை காலிப் பீப்பாயும் ஆட்டுத்தோலும் கயிறும்தான். பூலாவுக்குக் கிடாத்தோல், மாக்கேக்குப் பெட்டைத்தோல் என்பது இன்றும் வழக்கம். 1685-இல் பிரெஞ்சு அரசு இயற்றிய கறுப்பர் சட்டம், வெவ்வேறு எஜமானர்களின் அடிமைகள் ஒன்றுகூடுவதையே தடைசெய்தது. ஆனாலும் கூடினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இத்தீவுகளில் வாழ்ந்த லபா என்ற பிரெஞ்சுப் பாதிரியார், குடைந்த மரத்தால் செய்த இரண்டு வாத்தியங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். விரைந்து வாசிக்கப்பட்ட சிறியதன் பெயர் 'பாபூலா'.

அந்தப் பெயர் என்னைத் துரத்தியது. வகுப்புக்கு வரும் ஹெய்ட்டிக்காரப் பெண், தங்கள் வோடு சடங்கில் மூன்று வாத்தியங்கள் சேரும்போது மிகச் சிறியதைப் பூலா என்பார்கள் என்றாள். கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கு தீவில் முன்னோருக்காக ஆடும் ஆட்டத்திலும் பூலா உண்டு. அங்கே கொங்கோ, இபோ, மாண்டிங், குரோமந்தி என்று ஒவ்வொரு ஆப்பிரிக்க இனத்தின் பெயரிலும் தனித்தனி ஆட்டம் இருக்கிறது. யார் எங்கிருந்து வந்தார்கள் என்ற நினைவை அவர்கள் கால்களில் காத்துவைத்திருக்கிறார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை போர்ட்டோ ரீக்கோவிலிருந்து விருந்தாளி ஒருவர் வந்தார். அவர்களுடைய பொம்பாவிலும் பீப்பாய்தான். உரு மாறாமல் வாசிப்பது 'பூலெயதோர்', ஆடுபவரைத் தொடர்வது 'ப்ரீமோ'. அவருக்குக் கிரியோல் தெரியாது, தொந்தோனுக்கு ஸ்பானியம் தெரியாது. இரண்டு நிமிடம் கேட்டார், உட்கார்ந்தார், வாசித்தார். ஒத்திகை தேவைப்படவில்லை.

ஆப்பிரிக்க வேர் என்பதை அதுவரை எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கும் ஒற்றை மூலமாக நினைத்திருந்தேன். கொங்கோக்காரருக்கும் இபோக்காரருக்கும் மாண்டிங்காரருக்கும் ஒரே மொழியில்லை, ஒரே தெய்வமில்லை. கப்பலின் அடித்தளத்திலும் தோட்டத்திலும் அவர்களைக் கலந்து போட்டார்கள். அப்போது எல்லோருக்கும் பொதுவாக எஞ்சியது ஓர் அமைப்பு: கீழே மாறாத தாளம், மேலே பேசும் ஒரு வாத்தியம், ஒருவர் அழைக்க ஊர் பதிலளிப்பது, நடுவில் ஓர் உடல். பிரெஞ்சுக்காரன் ஆண்ட தீவிலும் ஸ்பானியன் ஆண்ட தீவிலும் அது அப்படியே நின்றிருக்கிறது. விருந்தாளி எழுந்து போனபின் தொந்தோன் நெடுநேரம் அந்தப் பூலாவைத் தடவிக்கொண்டிருந்தார்.

இதே ஊரில் இந்த இசையை மரியாதையான வீடுகளுக்குள் விடாத காலமும் இருந்தது. வயதான கறுப்பர்களின் இசை என்று இகழ்ச்சியாகச் சொல்வார்களாம். தொந்தோனின் தாயே அவரை லேவோஸ் பக்கம் போகக் கூடாது என்று அடித்திருக்கிறார். வேலோ என்று அழைக்கப்பட்ட மர்செல் லொலியா, தீவின் தலைசிறந்த மாக்கே கலைஞர், வறுமையில் வாழ்ந்து 1984-இல் மறைந்தார். இன்று புவாந்தப்பித்ர் கடைவீதியில், அவர் வாசித்த அந்தத் தெருவிலேயே, அவருக்குச் சிலை இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் அதனருகே வாத்தியங்கள் முழங்கும். காய்கறிப் பையோடு நான் அங்கே நிற்காமல் வீடு திரும்பியதில்லை.

அங்கு நிற்கும்போதுதான் எங்கள் தெரு நினைவுக்கு வந்தது.

இங்கே நம்மவர்களும் இருக்கிறார்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புக்குக் கூலியாட்கள் தேடி, 1854 டிசம்பரில் முதல் கப்பல் இந்தியர்களை இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 42 ஆயிரம் பேர் வந்தார்கள். தமிழர்கள் நிறைய, எங்கள் காரைக்கால் துறையிலிருந்தும். கப்பெஸ்தேர் பக்கத்துக் கோயில் விழாவுக்கு ஒருமுறை போனேன். வாசலில் ஒரு பெரியவர் தீமூட்டி, வட்டமான தோல் வாத்தியத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். இரண்டு குச்சிகளால் தட்டிப் பதம் பார்த்தார். அதை 'தப்பூ' என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. பாட்டின் சொற்களுக்கும் பொருள் தெரியாது. அந்த அடி மட்டும் அவர் கையில் இருந்தது, காரைக்காலில் நான் ஜன்னலுக்கு வெளியே கேட்ட அதே அடி. காரைக்காலிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, "உங்கள் ஊரில் இதை வாசிப்பவர்களுக்குப் பெரிய மதிப்பு இருக்குமே?" என்று கேட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துவோம், தெரு வேறு, தம்ளர் வேறு என்று சொன்னேன். பிரெஞ்சில் சொல்லும்போது அது இன்னும் கொடுமையாகக் கேட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியத்தை மறுபடியும் தீயில் காட்டினார்.

அன்றிரவு அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். பாட்டி இறந்த அன்று வீட்டு வாசலில் விடிய விடிய வாசித்தவரின் பெயர் என்ன என்று கேட்டேன். அப்பா புரியாமல் இரண்டு முறை திரும்பக் கேட்டார். பிறகு யோசித்தார். அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுச் சாவுகளுக்கு வந்திருக்கிறது.

"பெயர் தெரியாதும்மா. அவன் எப்போதும் வருவான், அவ்வளவுதான்" என்றார்.

நான் பேசவில்லை. தொலைபேசியில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார்: "அவர் மகன் பஸ் நிலையத்தில் பழக்கடை வைத்திருப்பதாகச் சொல்வார்கள். நாளைக்குப் போய் அவர் பெயரைக் கேட்டுச் சொல்கிறேன்."