எவ்வளவு என்று சொல்லுங்கள்

"பென்ஷன்தான் பிரச்சினைன்னா, அதுக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க சார். சம்பளத்துல சேத்துடலாம்."

2024-இல் என்னை வேலைக்குக் கூப்பிட்ட ஒரு தனியார் நிதி நிறுவனத்துப் பையன் போனில் கேட்டது. "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன். வீட்டில் கேட்க அதில் ஒன்றுமே இல்லை.

2010 ஏப்ரலுக்கு முன், அதாவது பழைய பென்ஷன் இருந்தபோது, பொதுத்துறை வங்கியில் சேர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். நான் சட்ட அதிகாரியாகச் சேர்ந்தது 2006-இல், 33 வயதில். 20 வருடம் முடிந்தால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம், பென்ஷன் உண்டு. அதற்கு முன் ராஜினாமா என்றால் பார்த்த சர்வீஸ் அத்தனையும் போச்சு. கிராஜுவிட்டியும் நாம் கட்டிய பி.எஃப்.பும் கைக்கு வரும், அவ்வளவுதான்.

அதற்கு என்ன தொகை சொல்வது? நான் எத்தனை வயதுவரை இருப்பேன், எனக்குப் பிறகு மனைவி எத்தனை வருடம் குடும்பப் பென்ஷன் வாங்குவாள், விலைவாசியைப் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் டி.ஏ. (அகவிலைப்படி) எங்கே போய் நிற்கும்? போனில் சொல்கிற விஷயமா? இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் ஊரார் பத்திரத்தில் வில்லங்கம் உண்டா இல்லையா என்று மதியத்துக்குள் கருத்து எழுதிக் கொடுக்கிறவன் நான். குத்துமதிப்பாகவாவது ஒன்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் சரி என்றுவிடுவானோ என்ற பயம்தான் காரணமோ என்னவோ.

மறுத்த பிறகுதான் கணக்கே போட்டேன். கூடுதல் சம்பளத்தைச் சேர்த்து வைத்து ஆன்யுட்டி (மொத்தமாகக் கட்டினால் மாதாமாதம் பணம் தரும் திட்டம்) வாங்கினால் பென்ஷனை எட்டிவிடும் போல வந்தது. உடனே டி.ஏ.வைச் சேர்த்தேன், பென்ஷன் ஜெயித்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். வங்கிப் பென்ஷனில் டி.ஏ. ஏறுமே தவிர அடிப்படைத் தொகை அடுத்தடுத்த சம்பள ஒப்பந்தங்களோடு ஏறுவதில்லை. அதற்காகத்தான் ஓய்வு பெற்றவர்கள் இத்தனை வருடமாகப் போராடுகிறார்கள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இருந்தாலும், வேலை போய்விடுமோ என்ற கவலையில்லாமல் தூங்குகிறேன். அதற்கும் ஒரு விலை உண்டுதானே?

இந்த வருடம் 20 முடிகிறது. முழுப் பென்ஷனுக்கு 33 வருட சர்வீஸ் கணக்கு. இப்போது விருப்ப ஓய்வில் போனால், வெயிட்டேஜ் என்று சர்வீஸில் கூட்டித் தரும் 5 வருடத்தையும் சேர்த்து 33-இல் 25 பங்கு. 60 வயதுவரை இருந்தால் 27 பங்கு, சம்பளமும் ஏறியிருக்கும். அந்த 2 பங்கை ஏன் விட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.